கஞ்சிரா ஏன் பிந்தியது?

(நம் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுக்கும்போது பேச்சு வழக்கை ஆங்காங்கே அப்படியே விட்டுவிட்டேன்.)



செயலாளர் நண்பர் போனில் கூப்பிட்டு, "நீதான் கம்ப்யூட்டர்ல பாட்டு போடுறியே, அதைப் பத்திப் பேசு, ஆனா யாருக்கும் தூக்கம் வரக்கூடாது" என்று நிபந்தனை போட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச விட்டுவிட்டு இப்படி ஒரு நிபந்தனை! ஆகவே பாட்டைப் பற்றிப் பேசப் போவதில்லை. பாட்டு பாதியில் கரகரவென்று கிழிந்து நின்ற ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறேன். அன்றைக்கு ஒரு பெரியவரின் மனசை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதும் அதில் வரும்.

கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு மாடியறையில் எனக்குச் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை இருக்கிறது. ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், ஒரு கீபோர்டு, சுவரில் பழைய ஜமக்காளம். கோயில் திருவிழாப் பாட்டு, பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிப் பாட்டும் அங்கே உருவாகும். வயலின் கோஷ்டியும் புல்லாங்குழலும் தம்புராவும் எல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றை வர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் என்பார்கள். நான் கணினி வாத்தியம் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இது என்ன சங்கதி என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அன்னவாசல் பக்கம் குடுமியான்மலையில் குடைவரைக் கோயில் பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டை நம்மில் பலர் சுற்றுலாவாகப் போய்ப் பார்த்திருக்கிறோம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரமாகச் செதுக்கி, ஒரே சுரத்தையே உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான். ஆனால் கல்லில் காதை வைத்துக் கேட்டால் ஒன்றும் கேட்காது. அங்கே இருப்பது குறிப்புதான், ஓசை இல்லை. வாசிக்க ஓர் ஆள் வரவேண்டும்.

கணினியிலும் இதே கதைதான். 1983-ல் வந்த மிடி என்ற முறையில், எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்பது மட்டும் எண்களாக ஓடும். நடு 'ஸி' என்றால் 60, அழுத்தம் அதிகபட்சம் 127. அவ்வளவுதான். முழுப் பாட்டின் மிடிக் குறிப்பும் ஒரு போட்டோ அளவுகூட இடம் பிடிக்காது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியை வைத்து இசையமைத்தார் என்று நாம் ஹாஸ்டலில் வியந்து பேசியது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் கணினி குறிப்பைத்தான் வைத்திருந்தது. ஓசையை எழுப்பியதெல்லாம் சிந்தசைஸர் போன்ற தனிப் பெட்டிகள், தனிச் சில்லுகள். 1996-ல் ஸ்டெயின்பெர்க் என்ற ஜெர்மன் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. 1999-ல் அதே முறையில் வாத்தியங்களும் கணினிக்குள் குடிவந்தன. பெட்டிகளெல்லாம் போய்விட்டன. குறிப்பை வைத்திருக்கிற அதே பிராசஸர்தான் இப்போது வாசிக்கவும் வேண்டும். அதுவும் தாமதிக்காமல், அந்தந்தக் கணத்திலேயே வாசிக்க வேண்டும். வினை ஆரம்பித்தது அங்கேதான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் நம் வகுப்பு நண்பர் ஒருவர், நார்த்தாமலை பங்குனித் திருவிழாவுக்குள் ஆறு அம்மன் பாட்டு வேண்டும் என்று கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை. கஞ்சிரா மட்டும் கணினியில் வரக்கூடாது, ஆள் வாசிக்க வேண்டும். "புதுக்கோட்டையில இருந்துகிட்டு கஞ்சிராவை மெஷின்ல போட்டா மான்பூண்டியா பிள்ளை கனவுல வந்து அடிப்பாருடா" என்றார். நியாயம்தானே? கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் நம் ஊர்க்காரர்கள். தவிர, அந்த வாத்தியத்தைக் கணினியில் பிடிப்பதும் கஷ்டம். வலது கை தட்டும்போதே இடது கை விரல் தோலை அழுத்தி நாதத்தை வளைக்கிறது. தோலில் தண்ணீர் தடவியதும் சுருதி இறங்குகிறது, காயக் காய ஏறுகிறது. ஆயிரம் தட்டைப் பதிவு செய்து வைத்தாலும் அடுத்த தட்டு வேறு மாதிரி இருக்கும்.

திருக்கோகர்ணத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியது. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் ஐயா என்றே சொல்கிறேன். ஐம்பது வருஷமாகக் கஞ்சிரா வாசிக்கிறவர். கேட்டதும் வந்தார். பலா மரச் சட்டத்தைத் துடைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவி, தயாராக உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாட்டை ஓட விட்டேன்.

முதல் சரணத்தில் வயலின் கோஷ்டி நுழைந்தது. கடலைப்பொரி வறுக்கிற மாதிரி சடசடவென்று சத்தம். பாட்டு விக்கி விக்கி நின்றது. திரையில் மீட்டர் சிவப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐயா ஹெட்போனைக் கழற்றி, "என்ன தம்பி, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்புல இருக்கு?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. இந்த மாதிரிச் சமயத்தில் எல்லோரும் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். பஃபர் என்று ஓர் எண் இருக்கிறது. அதை 128-லிருந்து 1024-க்கு ஏற்றினேன். சத்தம் நின்றது. பாட்டு வழவழவென்று ஓடியது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

ஐயா வாசிக்க ஆரம்பித்தார். நடை சரியாக உட்காரவில்லை. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். சர்வலகு ஒரு மாதிரி போனது. கோர்வைக்கு வந்ததும் குழம்பியது. ஐந்து தடவை, ஆறு தடவை. எனக்கே சங்கடமாக இருந்தது. ஏழாவது தடவை அவர் கஞ்சிராவை மடியில் வைத்துக்கொண்டு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை போயிருச்சு தம்பி. மூளை சொல்றதைக் கை கேக்க மாட்டேங்குது. வேற ஆளைப் பாத்துக்க" என்றார். கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. பேரனின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இதை இந்த மேடையில் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, நானே கீபோர்டில் ஒரு புல்லாங்குழல் துணுக்கை வாசித்துச் சேர்க்க உட்கார்ந்தேன். விரலை வைத்தால் ஓசை எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. எனக்கும் தாளம் தவறியது. எனக்குக் கை போகிற வயசு இல்லையே! அப்போதுதான் அந்த 1024 கண்ணில் பட்டது.

இங்கே கொஞ்சம் இயற்பியல். பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பயந்துகொண்டே சொல்கிறேன். கணினி ஓசையை விநாடிக்கு 44,100 துணுக்குகளாகச் செய்கிறது. ஒவ்வொன்றாக அனுப்பாமல் கட்டுக் கட்டாக அனுப்புகிறது. பஃபர் 128 என்றால் கட்டுக்கு 128 துணுக்கு. அதாவது ஒரு கட்டு 2.9 மில்லி விநாடி. 1024 என்றால் ஒரு கட்டு 23 மில்லி விநாடி. ஐயா தட்டிய ஓசை மைக் வழியாக உள்ளே போக ஒரு கட்டு, ஹெட்போனுக்குத் திரும்பி வர ஒரு கட்டு. ஆக 46 மில்லி விநாடிக்கு மேல்.

இது பெரிய தாமதமா என்று கேட்கலாம். நாம் பி.யூ.சி.யில், சில பேர் மேல்நிலைப் பள்ளியில், ஒத்ததிர்வுத் தம்பத்தில் தண்ணீரை ஏற்றி இறக்கி ஒலியின் வேகம் கண்டுபிடித்தோமே, நம் ஊர் வெப்பத்துக்கு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர், அதை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 46 மில்லி விநாடியில் ஒலி 16 மீட்டர் போகும். அதாவது ஐயா திருக்கோகர்ணம் கோயில் மண்டபத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய கஞ்சிராவை மட்டும் 16 மீட்டருக்கு அப்பால் வேறு யாரோ தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் கோர்வை வாசி என்றால் யார் வாசிப்பார்? 128-ல் இருந்திருந்தால் இரண்டு மீட்டருக்குள் முடிந்திருக்கும். நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் நிற்கிற தூரம்தான் அது.

ஆக, கை போகவில்லை. நான்தான் அவர் கையை 16 மீட்டர் தள்ளி வைத்திருந்தேன். கரகரப்பு என்ற வியாதியை மறைக்க நான் கொடுத்த மருந்து அவர் தலையில் விடிந்திருக்கிறது. அன்று ராத்திரி உட்கார்ந்தேன். பஃபரை 128-க்கே இறக்கி, அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒன்றொன்றாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு குழப்பம். இசை மென்பொருளின் மீட்டர் சிவப்பில் நிற்கிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் 30 சதவீதம்தான் வேலை செய்வதாகச் சொல்கிறது. யார் சொல்வது பொய்? இரண்டும் உண்மைதான். ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் பரிமாற நிற்கிறார்கள். ஆனால் ஒரு இலைக்குச் சோறு விழுந்த பிறகுதான் சாம்பார். சாம்பாருக்குப் பிறகுதான் நெய். ஒருத்தர் சோற்று வாளியோடு திணறினால் மற்ற ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மொத்தத்தில் பார்த்தால் ஆட்கள் சும்மாதான் இருக்கிறார்கள். ஆனால் இலையில் சாம்பார் இல்லை! பிராசஸரில் எட்டு கோர் இருந்தாலும் ஒரு டிராக்கில் இருக்கும் வாத்தியமும் அதன்மேல் அடுக்கிய பிளக்-இன்களும் வரிசையாக, பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓட வேண்டும். அந்த ஒரு வரிசை 2.9 மில்லி விநாடிக்குள் முடியாவிட்டால் கட்டு காலியாகப் போகும். அதுதான் அந்தச் சடசடப்பு. டாஸ்க் மேனேஜர் காட்டுவது எவ்வளவு வேலை நடந்தது என்ற சராசரியை. இசை மென்பொருள் காட்டுவது வேலை நேரத்துக்கு முடிந்ததா என்பதை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அப்புறம் டிராக் டிராக்காக அணைத்துப் பார்த்தேன். இங்கேயும் ஒரு பொறி. மியூட் பொத்தானை அமுக்கினால் ஓசை கேட்காது, ஆனால் அநேக மென்பொருள்களில் உள்ளே வாத்தியம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாயைப் பொத்திய பிறகும் கை சாப்பிடுகிற மாதிரி. வாத்தியத்தையே ஆஃப் செய்தால்தான் மீட்டர் இறங்குகிறதா என்று தெரியும்.

வயலின் கோஷ்டியை ஆஃப் செய்ததும் மீட்டர் பாதிக்கு இறங்கியது. உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த வாத்தியத்தை மூன்று மைக்கில் பதிவு செய்திருக்கிறார்கள்: கிட்டே ஒன்று, நடுவில் ஒன்று, அரங்கத்தின் கடைசியில் ஒன்று. மூன்றையும் நான் திறந்து வைத்திருந்தேன். பெருமைக்குத்தான், வேறென்ன! நான்கு சுரத்தைச் சேர்த்து அமுக்கினால் மூன்று மைக்குக்கும் 12, மெல்லிய வாசிப்பு, பலத்த வாசிப்பு என்று இரண்டு அடுக்கு, ஆக 24 ஒலிப்பதிவுகள் ஒரே நேரத்தில் ஓடும். விரலை எடுத்த பிறகும் நாதம் அடங்கும்வரை அவை ஓடும். அதற்குள் அடுத்த 24 வந்து சேரும். போதாக்குறைக்கு, மிடியில் ஓர் இடத்தில் பெடலை அமுக்கிவிட்டு எடுக்க மறந்திருக்கிறேன். ஒரு சரணம் முழுக்க எந்தச் சுரமும் சாகவில்லை! பெடலைச் சரி செய்தேன். ஒரே ஒரு மைக்கை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மூடினேன். கஞ்சிராவும் உறுமியும் அதிர்கிற அம்மன் பாட்டில் அந்த அரங்கத்தின் கடைசி வரிசை யார் காதுக்கும் கேட்காது.

அடுத்தது தம்புரா. இது பதிவு செய்த தம்புரா அல்ல. கம்பியின் அதிர்வையும் ஜீவாளியையும் அவ்வப்போது கணக்குப் போட்டே ஓசை உண்டாக்கும் வகை. கணினி வாத்தியத்தில் இப்படி இரண்டு ஜாதி உண்டு. பதிவை எடுத்துப் போடுகிறவை நினைவகத்தையும் டிஸ்க்கையும் அதிகம் தின்னும். கணக்குப் போடுகிறவை பிராசஸரைத் தின்னும். நம் தம்புரா பாட்டு முழுக்க ஒரே ப-ஸ-ஸ-ஸ. ஆறு நிமிஷத்துக்கு மாறாத ஒரு சங்கதிக்கு ஒவ்வொரு கட்டுக்கும் புதுக் கணக்கு எதற்கு? ஃப்ரீஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அந்த டிராக்கை ஒரு தடவை ஓசையாகவே எழுதி வைத்துவிட்டு வாத்தியத்தைத் தூங்கப் போட்டுவிடும். வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். தம்புராவை உறைய வைத்தேன். இனிமேல் கை வைக்கப் போவதில்லை என்று தெரிந்த எல்லாவற்றையும் உறைய வைத்தேன். இந்த ஒன்றை மட்டும் ரெக்கார்டிங்குக்கு முன் செய்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.

ரிவெர்ப், அதாவது மண்டபத்து எதிரொலி, பதினொரு டிராக்கில் பதினொன்று தனித்தனியாகப் போட்டிருந்தேன். ஒரு மண்டபத்தில் பதினொரு பேர் உட்கார்ந்தால் மண்டபம் ஒன்றுதானே? பதினொன்றையும் எடுத்துவிட்டு ஒன்றைப் பொதுவாக வைத்து, எல்லா டிராக்கிலிருந்தும் தேவையான அளவு அதற்கு அனுப்பினேன்.

கடைசியாக மாஸ்டரில் ஒரு லிமிட்டர். சத்தம் உச்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிற கருவி. உச்சம் வருவதை முன்கூட்டியே பார்ப்பதற்காகவே அது ஓசையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து அனுப்பும். பாட்டு முடிந்த பிறகு போட வேண்டியதை நான் ரெக்கார்டிங்கிலேயே போட்டு வைத்திருந்தேன். ஆக அந்த 46-க்கு மேலேயும் சில மில்லி விநாடிகள் ஐயாவின் கணக்கில் நான் ஏற்றியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு மீட்டர் பாதிக்கும் கீழே நின்றது. ஆனாலும் அவ்வப்போது ஒரு சொடுக்கு. இதுதான் தூங்க விடவில்லை. சொடுக்கு பிராசஸரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. வாத்தியத்தின் பதிவுகளை யு.எஸ்.பி.யில் தொங்கும் பழைய ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தேன். பெரிய வாத்தியங்களை முழுக்க நினைவகத்தில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியை மட்டும் ஏற்றிவிட்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து இழுப்பார்கள். 1998-ல் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் கொண்டுவந்த தந்திரம் இது. டிஸ்க் தாமதித்தால் சுரம் தொடங்கிப் பாதியில் அறுந்து போகும். இதற்குப் பிராசஸர் மீட்டரைப் பார்த்துப் புண்ணியமில்லை, வாத்தியத்துக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் மீட்டரைப் பார்க்க வேண்டும். மறுநாள் எஸ்.எஸ்.டி. வாங்கி மாற்றினேன். வைஃபையை அணைத்தேன், அதன் டிரைவர் நடுவே மூக்கை நுழைப்பது உண்டு. வைரஸ் தேடும் மென்பொருளிடம் பதிவுகள் இருக்கும் ஃபோல்டரை விட்டுவிடச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஊர்க்காரர்களுக்கு. பங்குனி வெயிலில் ஓட்டுக் கட்டட மாடியில், ஜமக்காளத்தின் மேல் லேப்டாப்பை வைத்திருந்தேன். கீழே இருக்கும் காற்று வழி அடைபட்டுப்போகும். பிராசஸர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஓடிய பாட்டு மத்தியானம் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கரண்ட் போனாலும் அப்படியே. மின்விசிறி இன்வெர்ட்டரில் சுற்றும், நமக்கு ஒன்றும் தெரியாது. லேப்டாப் செருகிய பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாவிட்டால் அது பேட்டரிக்கு மாறிச் சிக்கனமாக ஓடத் தொடங்கும். மின்சாரச் சிக்கன அமைப்பை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்பதற்கு மாற்றி, அடியில் இரண்டு செங்கல் வைத்துக் காற்று விட்டேன். செங்கல் செலவு இல்லை.

இதையெல்லாம் முடித்துவிட்டு இன்டர்ஃபேஸைத் துடைக்கும்போது முன்பக்கம் ஒரு சின்னப் பொத்தானைப் பார்த்தேன். 'டைரக்ட் மானிட்டர்' என்று எழுதியிருக்கிறது. அமுக்கினால் மைக்கின் ஓசை கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்குப் போகும். தாமதமே கிடையாது. மூன்று வருஷமாக என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அன்றைக்கு அதை அமுக்கியிருந்தால் 1024 என்ன, 2048-லேயே ஐயா வாசித்துவிட்டுப் போயிருப்பார்.

சரி, கணினி சரியாகிவிட்டது. மனுஷனை என்ன செய்வது?

அன்றைக்கு அவர் வாசித்த ஏழு பதிவும் அழிக்காமல் இருந்தன. கடைசிப் பதிவை எடுத்து உற்றுப் பார்த்தேன். எல்லாத் தட்டும் தாளத்துக்கு முன்னால் விழுந்திருந்தன. எனக்குப் புரிந்தது. தன் ஓசை தாமதமாகக் கேட்கிறது என்பதால் அந்த மனுஷர் கையை முன்னால் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார். சரிக்கட்டப் பார்த்திருக்கிறார்! பதிவை அப்படியே 40 மில்லி விநாடி பின்னால் நகர்த்தினேன். சர்வலகு வாசித்த இடமெல்லாம் தாளத்தில் போய் அச்சாக உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோர்வை மட்டும் சேரவில்லை, வேகத்தில் அப்படிச் சரிக்கட்ட யாராலும் முடியாது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருக்கோகர்ணம் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கஞ்சிராவைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டதாகவும், ஒரு கோயில் கச்சேரிக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் அந்த வீட்டு அம்மாதான் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். பஃபர், மில்லி விநாடி எல்லாம் அவருக்கு எதற்கு? "ஐயா, உங்க கஞ்சிரா சத்தத்தை நான் 16 மீட்டர் தள்ளி வச்சுட்டேன், தப்பு என்னுது" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். ஹெட்போனை மாட்டி, நகர்த்திய பதிவைப் போட்டேன்.

கேட்டார். ஒரு ஆவர்த்தனம் போனதும் கண்ணை மூடினார். விரல் திண்ணையில் தாளம் போட்டது. முடிந்ததும், "இது அன்னிக்கு வாசிச்சதுதானா?" என்றார்.

"அன்னிக்கு வாசிச்சதேதான் ஐயா. ஒரு தட்டைக்கூட மாத்தல. மொத்தமா நகத்தினேன், அவ்வளவுதான்."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அந்த எண்ணை ஏற்றினால் தாமதம் வரும் என்று எனக்குத் தெரியும். மெஷினைச் சந்தேகப்படுவதைவிட ஒரு வயசானவரைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதை அவரிடம் அன்று சொல்லவில்லை. இந்தப் பேச்சை எழுதி முடித்தபின் போன வாரம் போய் வாசித்துக் காட்டினேன். "சொல்லு, சொல்லு, பேரை மட்டும் போடாதே" என்று சிரித்தார்.

அடுத்த வாரமே வந்தார். பஃபர் 128, டைரக்ட் மானிட்டர் ஆன், லேப்டாப் செங்கல் மேல். ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வைத்துக்கொண்டு, மற்றொரு காதால் தன் தோலைக் கேட்டுக்கொண்டார். ஆறு பாட்டையும் இரண்டு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தார். மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது. நான் பதறி எழுந்தேன், அவர் நிறுத்தவே இல்லை. பேட்டரியிலேயே ஓடி முடிந்தது.

போகும்போது, அந்த ஏழு பழைய பதிவையும் அழித்துவிடச் சொன்னார். ஆறை அழித்தேன். ஏழாவதைப் பேரன் தன் போனில் வாங்கிக்கொண்டான், நகர்த்தாததையும் நகர்த்தியதையும் சேர்த்து. அவன் இப்போது நம் கல்லூரியில் இரண்டாம் வருஷம், இயற்பியல். இதோ, பின்வரிசையில் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் அவன்தான்.